மலை எரிந்தது ஏன்?

அமெரிக்காவில் அரிசோனா என்று ஒரு மாநிலம். அங்கே டூசான் என்ற நகரம் இருக்கிறது. இது பாலைவன நகரம். ஓர் ஆண்டில் 12 அங்குல மழை பெய்தால் அதுவே அதிகம். ஜூன் மாத வெயில் நெருப்பாய்க் கொளுத்தும்.

நகருக்கு வடக்கே பெரிய மலை நிற்கிறது. அதன் பெயர் சாந்தா கத்தலீனா. உயரம் 9,000 அடிக்கு மேல். அடிவாரத்தில் கள்ளிச் செடிகள். மேலே போகப் போகக் குளிர்ச்சி. உச்சியில் பைன் மரக் காடு. காட்டுக்குள் சம்மர்ஹேவன் என்ற சிற்றூர்.

2003 ஜூன் 17 அன்று இந்த மலையில் தீப்பிடித்தது. மனிதரால் மூண்ட தீ அது. சுமார் ஒரு மாதம் எரிந்தது. அந்தச் சிற்றூரில் சுமார் 340 வீடுகளும் கடைகளும் சாம்பலாயின. மக்கள் திரும்பி வந்து மீண்டும் வீடு கட்டினார்கள்.

2020 ஜூன் 5 அன்று மறுபடியும் தீ. இம்முறை மின்னல் விழுந்து பற்றியது. சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் ஏக்கர் எரிந்தது. ஜூலை 23 அன்றுதான் தீ முழுவதும் கட்டுக்குள் வந்தது.

ஏன் இவ்வளவு பெரிய தீ?

இதற்கு மரங்களே சாட்சி சொல்கின்றன. மரத்தை அறுத்தால் உள்ளே வளையங்கள் தெரியும். ஆண்டுக்கு ஒரு வளையம். தீ சுட்ட தழும்பும் அதில் தெரியும். வளையத்தை எண்ணினால் தீ வந்த ஆண்டு தெரிந்துவிடும். அரிசோனா பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்கிறார்கள்.

பழங்காலத்தில் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை சிறு தீ வந்தது. தரையில் கிடந்த சருகும் புல்லும் எரிந்தன. பெரிய பைன் மரத்துக்குப் பட்டை தடிப்பு. அதனால் அது பிழைத்தது.

பிறகு மனிதர்கள் சிறு தீயைக்கூட உடனே அணைத்தார்கள். காட்டைக் காக்க வேண்டும் என்ற எண்ணம்தான். ஆனால் நூறு ஆண்டுச் சருகு குவிந்தது. குட்டி மரங்கள் நெருங்கி வளர்ந்தன. இப்போது தீப்பிடித்தால், குட்டி மரங்கள் ஏணி ஆகின்றன. தீ அதில் ஏறி, பெரிய மரத்தின் உச்சியைப் பிடிக்கிறது. வறட்சியும் கூடும் வெப்பமும் அதற்குத் துணை.

2020இல் சிற்றூர் மக்களை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். தீயணைப்பு வீரர்கள் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். புல், புதரை வெட்டித் தீத்தடுப்புக் கோடு போட்டார்கள். பெருந்தீ வரும் முன்பே, அது தின்னக்கூடிய சருகைத் தாங்களே எரித்தார்கள். வந்த தீக்கு இரை இல்லை. சிற்றூர் தப்பியது.

தீ அணைந்தால் ஆபத்து தீர்ந்ததா? இல்லை. செடி கொடி இல்லாத மலையில் மழை பெய்தால் தண்ணீர் மண்ணில் இறங்காது. சாம்பலையும் கல்லையும் உருட்டிக்கொண்டு ஓடைகளில் வெள்ளமாகப் பாயும். அதனால் அடிவாரத்து மக்கள் மழைக்கும் அஞ்ச வேண்டியிருந்தது.

இப்போது அங்கே குட்டி மரங்களை வெட்டிக் குறைக்கிறார்கள். பயிற்சி பெற்றவர்கள், ஏற்ற காலம் பார்த்து, சருகை அளவோடு எரிக்கிறார்கள். மற்றவர்கள் காட்டுக்குத் தீ வைத்தால் அது குற்றம்.

தீயை அணைப்பது மட்டும் போதாது. தீக்கு இரை சேராமலும் பார்க்க வேண்டும். பட்ட பிறகு அந்த மலை மக்கள் கற்ற பாடம் இது.

பேசிப் பாருங்கள்:
1. சிறு தீ காட்டுக்கு எப்படி உதவியது?
2. தீ அணைந்த பிறகு வெள்ளம் வருவது ஏன்?