செம்பவாங்கில் எதுக்கு ஒரு ‘கேன்பரா’? கடற்படைத் தளத்தைச் சுற்றி வளர்ந்த ஒரு வட்டாரத்தின் கதை

வடக்கு-தெற்கு எம்ஆர்டி பாதையில் யீஷூனைத் தாண்டினால் கேன்பரா. அடுத்து செம்பவாங். அதற்கடுத்து அட்மிரல்ட்டி.

ரயிலில் போகும்போது இந்தப் பெயர்களை எத்தனையோ முறை கேட்டிருப்பீங்க. ஆஸ்திரேலியத் தலைநகருக்கும் சிங்கப்பூரின் வட கோடிக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்ததுண்டா? நிலையத்தை விட்டு வெளியே வந்தால் குழப்பம் இன்னும் கூடும். வெலிங்டன், மொன்ட்ரியால், ஜிப்ரால்டர் என்று உலக வரைபடமே தெருப் பெயர்களில் இருக்கிறது.

இந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு கடற்படைத் தளம் இருக்கிறது. அந்தத் தளத்தில் வேலை செய்ய வந்தவர்களில் நம் தாத்தாக்களும் இருந்தார்கள்.

முதலில் இங்கே என்ன இருந்தது?

செம்பவாங் என்பது ஒரு மரத்தின் பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வட்டாரத்தில் ரப்பர் தோட்டங்கள் பரவியிருந்தன. 1909இல் இங்கே ஒரு வெந்நீர் ஊற்று கண்டுபிடிக்கப்பட்டது. 1920களில் ஒரு பானத் தயாரிப்பு நிறுவனம் அந்த நீரைப் போத்தலில் அடைத்து விற்றது.

அந்த ஊற்று இன்றும் இருக்கிறது. 2020 ஜனவரியில் பூங்காவாகத் திறக்கப்பட்ட செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவில், ஊற்றுநீர் கிட்டத்தட்ட 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் வருகிறது. வார இறுதியில் போனால் ஒரு பக்கம் முட்டை வேகும். இன்னொரு பக்கம் தாத்தா பாட்டிகள் காலை நனைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள்.

கடற்படைத் தளம் ஏன் வந்தது?

முதல் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானியக் கடற்படையின் பலம் கூடிக்கொண்டே வந்தது. ஆசியாவில் தன் போர்க்கப்பல்களைப் பழுதுபார்க்க ஒரு பெரிய தளம் வேண்டும் என்று 1921இல் பிரிட்டன் முடிவு செய்தது. ஜோகூர் நீரிணையை ஒட்டிய செம்பவாங் அதற்குப் பொருத்தமாக இருந்தது. பெரிய கப்பல்கள் வந்து நிற்கலாம், திறந்த கடலின் அலைகளும் இல்லை.

1938 பிப்ரவரி 14ஆம் தேதி, மன்னர் ஆறாம் ஜார்ஜ் பெயர் சூட்டப்பட்ட உலர்துறை திறக்கப்பட்டது. அன்றைக்கு உலகின் மிகப் பெரிய உலர்துறைகளில் அதுவும் ஒன்று. உலர்துறை என்றால் என்ன? கப்பலை உள்ளே விட்டு, கதவை அடைத்து, தண்ணீரை இறைத்துவிடுவார்கள். கப்பலின் அடிப்பாகத்தை நின்றுகொண்டே பழுதுபார்க்கலாம்.

இவ்வளவு செலவு செய்து கட்டிய தளம் நான்கே ஆண்டுகளில் கைமாறியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. போர் முடிந்ததும் பிரிட்டன் திரும்பி வந்தது. தளத்துக்குள் இருந்த சாலைகளுக்குப் பேரரசின் நாடுகள், நகரங்களின் பெயர்கள் நிலைத்தன. கேன்பரா அப்படி வந்ததுதான். அட்மிரல்ட்டி என்பது பிரிட்டிஷ் கடற்படையை நிர்வகித்த துறையின் பெயர்.

அப்போ யார் யார் வந்தாங்க?

கப்பலைப் பழுதுபார்க்கப் பல வகையான ஆட்கள் தேவை. பற்றவைப்பவர், பொருத்துநர், சாயம் பூசுபவர், கிடங்குக் கணக்கு எழுதுபவர், தட்டச்சு செய்பவர், வாசலில் காவல் நிற்பவர்.

கேரளாவிலிருந்து மலையாளிகள் பெரும் எண்ணிக்கையில் வந்தார்கள். ஆங்கிலம் தெரிந்த பலருக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. தமிழர்கள் பட்டறைகளிலும் கிடங்குகளிலும் வேலை செய்தார்கள். சீக்கியர்கள் காவல் பணியில் இருந்தார்கள். மலாய்க்காரர்களும் சீனர்களும் சுற்றியிருந்த கம்பங்களிலிருந்து வேலைக்குப் போனார்கள். நம்ம பெரியவர்கள் அந்த இடத்தை ‘நேவல் பேஸ்’ என்றுதான் சொல்வார்கள். இன்றும் சிலருக்கு அது செம்பவாங் இல்லை, நேவல் பேஸ்தான்.

ஊழியர் குடியிருப்புகள் தளத்துக்குள்ளேயே இருந்தன. வெளியே சோங் பாங் கிராமம். தொழிலதிபர் லிம் நீ சூனின் மகன் லிம் சோங் பாங்கின் பெயர்தான் அதற்கு. அப்பாவின் பெயரிலிருந்து வந்ததுதான் இன்றைய யீஷூன். மகனின் பெயர், கிராமம் போன பிறகும், யீஷூனில் உள்ள சோங் பாங் வட்டாரத்தில் வாழ்கிறது.

பல இனத்தவர் சேர்ந்து வேலை செய்தார்கள் என்பது உண்மை. எல்லாரும் கலந்து வாழ்ந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. அதிகாரிகளுக்குத் தோட்டத்தோடு கறுப்பு வெள்ளை பங்களா, உள்ளூர் ஊழியர்களுக்கு வரிசை வீடு. மலாய்க் கம்பம் ஒரு பக்கம், சீனர் அதிகம் வாழ்ந்த கிராமம் இன்னொரு பக்கம். பட்டறையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள் மாலையில் வேறு வேறு பாதைகளில் வீடு திரும்பினார்கள்.

ஒரு வெள்ளிக்குக் கைமாறிய தளம்

1968 ஜனவரியில் பிரிட்டன் ஓர் அறிவிப்பு செய்தது. சிங்கப்பூரிலிருந்து தன் படைகளை 1971 இறுதிக்குள் மீட்டுக்கொள்ளும் என்றது. சுதந்திரம் கிடைத்து மூன்று ஆண்டுகூட முழுசா ஆகவில்லை. பிரிட்டிஷ் தளங்கள் மூலம் வந்த வருமானம் நாட்டுப் பொருளியலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஆயிரக்கணக்கானோரின் வேலை கேள்விக்குறியானது.

உலர்துறையும் பட்டறைகளும் பெயரளவுக்கு ஒரு வெள்ளி விலையில் சிங்கப்பூர் அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டன. 1968இல் செம்பவாங் கப்பல் பட்டறை நிறுவனம் உருவானது. போர்க்கப்பல்களுக்காகக் கட்டிய இடத்தில் வணிகக் கப்பல்கள் பழுதுபார்க்கப்பட்டன. ஒரு பகுதியினருக்கு அங்கேயே வேலை தொடர்ந்தது.

குடியுரிமை இல்லாத ஊழியர்களின் நிலைமை வேறு. அவர்களில் பலர் கையில் கிடைத்த தொகையோடு இந்தியாவுக்குத் திரும்பினார்கள். இங்கேயே தங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று யீஷூன், செம்பவாங், உட்லண்ட்ஸ் என்று பரவியிருக்கிறார்கள்.

அவர்கள் விட்டுச்சென்றது என்ன?

பங்குனி உத்திரத்தன்று யீஷூன் தொழிற்பேட்டைப் பக்கம் போய்ப் பாருங்க. தொழிற்கூடங்களுக்கு நடுவே காவடிகளும் பால்குடங்களும் வரும். அங்கே இருக்கும் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம், 1960களில் கடற்படைத் தளத்துத் தொழிலாளர்கள் கேன்பரா சாலைப் பக்கம் தொடங்கிய வழிபாட்டிலிருந்து வளர்ந்தது. நிலம் மேம்பாட்டுக்கு எடுக்கப்பட்டபோது கோயில் யீஷூனுக்கு மாறியது. தொழிலாளர்கள் சிதறிப் போனாலும் திருவிழா நிற்கவில்லை.

மலையாளிகள் 1948இல் ஸ்ரீ நாராயண மிஷனைத் தொடங்கினார்கள். அது இன்று யீஷூனில் எல்லா இன முதியோருக்கும் பராமரிப்பு இல்லம் நடத்துகிறது.

செம்பவாங் கடலோரத்துக்கு அருகே ‘பெத்தெம்பாத்தான் மெலாயு’ பள்ளிவாசல் இருக்கிறது. பெயருக்கு ‘மலாய்க் குடியிருப்பு’ என்று பொருள். சுற்றியிருந்த கம்பம் போய்விட்டது. கம்பத்து மக்கள் கட்டிய பள்ளிவாசல் மட்டும் நிற்கிறது. வேறு பேட்டைகளுக்குக் குடிபோனவர்களும் தொழுகைக்கு வந்து போகிறார்கள்.

இன்றைய கலவை எப்படி உருவாகுது?

இப்போது செம்பவாங்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். 1996இல் எம்ஆர்டி வந்தது. 2019 நவம்பரில் கேன்பரா நிலையம் திறந்தது. புதிய வீவக அடுக்குமாடிகளில் இளம் குடும்பங்கள் நிறைய.

நேவல் பேஸ் காலத்தில் மக்களைச் சேர்த்தது வேலை. இப்போது ஒரே புளோக்கில் பல இனத்தவர் இருப்பதற்கு ஒரு விதி இருக்கிறது. 1989 மார்ச்சில் நடப்புக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை அது.

தனி இன வட்டாரங்கள் உருவாகக் கூடாது என்பது அதன் நோக்கம். ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு:

- சீனர்: 87 விழுக்காடு
- மலாய்க்காரர்: 25 விழுக்காடு
- இந்தியரும் இதர இனத்தவரும் சேர்த்து: 15 விழுக்காடு

அக்கம்பக்க வட்டார அளவில் இந்த வரம்புகள் இன்னும் சற்றுக் குறைவு: 84, 22, 12. இந்தியர், இதர இனத்தவருக்கான வரம்பு முதலில் 13ஆக இருந்தது. மக்கள்தொகை மாறியதால் 2010இல் 15ஆக உயர்த்தப்பட்டது.

வீடு விற்கும்போது இது எப்படி வேலை செய்யும்?

இங்கேதான் பலர் குழம்புவாங்க. இரண்டு சூழல்களைப் பார்ப்போம்.

முதலாவது: புளோக்கில் இந்தியர் வரம்பு நிரம்பிவிட்டது. இந்தியக் குடும்பம் அங்கே வீடு வாங்க வேண்டுமென்றால், விற்பவரும் இந்தியராகவோ இதர இனத்தவராகவோ இருக்க வேண்டும். அப்போதுதான் விகிதம் மாறாது. பெற்றோர் வீட்டுக்குப் பக்கத்திலேயே வீடு தேடும் இளம் தம்பதிக்கு இது தடையாகலாம்.

இரண்டாவது: புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டது. அங்கே இருக்கும் தமிழ்க் குடும்பம் வீட்டை விற்க நினைக்கிறது. சீனர் அந்த வீட்டை வாங்க முடியாது. மக்கள்தொகையில் சீனர்கள் 74 விழுக்காடு என்பதை நினைத்துப் பாருங்க. வாங்கக்கூடியவர்களில் பெரும்பகுதி ஒரே அடியில் இல்லாமல் போகிறது. விற்க அதிகக் காலம் ஆகலாம், விலையையும் குறைக்க வேண்டியிருக்கலாம். அதே புளோக்கில் உள்ள சீனக் குடும்பத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.

சிறுபான்மையினரைத் தள்ளி வைக்காமல் இருக்கக் கொண்டுவந்த கொள்கை, சில நேரங்களில் அவர்களுக்கே செலவு வைக்கிறது. இதை அரசாங்கமும் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. விற்க முடியாமல் உண்மையிலேயே சிரமப்படும் தகுதிபெற்ற குடும்பங்களிடமிருந்து கழகமே வீட்டைத் திரும்ப வாங்கும் ஏற்பாடு 2022 முதல் உள்ளது. கொள்கை இன்னும் தேவை என்பதே அரசாங்கத்தின் நிலைப்பாடு.

உங்க புளோக்கின் நிலவரத்தைக் கழகத்தின் இணையச் சேவையில் பார்க்கலாம். மாதம் ஒருமுறை அது புதுப்பிக்கப்படுகிறது. வாங்கினாலும் சரி, விற்றாலும் சரி, முகவரிடம் பேசுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து என்ன?

கப்பல் பட்டறைப் பணிகள் துவாசுக்கு மாறுகின்றன. செம்பவாங்கில் காலியாகும் நிலம், வீடுகளும் பொழுதுபோக்கு இடங்களும் கொண்ட நீர்முகப்பாக மேம்படுத்தப்படும் என்று நகரத் திட்டங்கள் சொல்கின்றன. இந்த வட்டாரம் எதற்காக உருவானதோ, அந்தக் கப்பல் வேலை இங்கிருந்து போகப்போகிறது.

கட்டடங்களில் சிலவற்றைப் பாதுகாக்கலாம். பட்டறையில் யார் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள், சம்பள நாளில் எந்தக் கடைக்குப் போனார்கள், 1971இல் ஊர் திரும்பிய நண்பரிடமிருந்து கடிதம் வந்ததா? இதெல்லாம் எந்தத் திட்ட வரைபடத்திலும் இருக்காது. அங்கே வேலை செய்தவர்களின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. அவர்களில் இளையவர்களுக்கே இப்போது எழுபது வயதுக்கு மேல்.

உங்க வீட்டில் ‘நேவல் பேஸ்’ என்று சொல்லும் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், இந்த வாரம் கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டுப் பேச்சுக் கொடுங்க. “தாத்தா, டாக்யார்டுல உங்களுக்கு என்ன வேலை?” என்று ஆரம்பித்தாலே போதும்.