மியூசியமும் மீன் ஏலமும்



எங்கள் பக்கம் ஏரியிலிருந்து படகு கரைக்கு வந்ததும் ஏலம் ஆரம்பித்துவிடும். "துடிக்குது பாரு இறாலு! இந்த மாதிரி எங்கயும் கெடைக்காது!" என்று கூவுவார்கள். கூவுவது தப்பில்லை, அது வியாபாரம். ஆனால் பக்கத்தில் இருக்கும் தராசும் சேர்ந்து கூவ ஆரம்பித்தால் என்ன ஆகும்? யாரை நம்பி மீன் வாங்குவது?

கலைக்களஞ்சியம் என்பது அந்தத் தராசு. இது எனக்குப் புரிந்த கதையைச் சொல்கிறேன்.

சிவப்பு மை

போன வருடம் அப்பாவை அழைத்துக்கொண்டு அனுப்பம்பட்டில் ரயில் ஏறி, எழும்பூர் அரசு அருங்காட்சியகம் பார்க்கப் போனேன். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு பலகையாக நான் படித்துச் சொல்லச் சொல்ல, "இதெல்லாம் நெசந்தானாடா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்த வேகத்தில், தமிழ் விக்கிப்பீடியாவில் சேர்க்கலாம் என்று நோட்டில் ஒரு பத்தி எழுதினேன். "உலகப்புகழ் பெற்ற, காண்போர் நெஞ்சைக் கொள்ளை கொள்ளும், ஒவ்வொரு தமிழனும் தரிசிக்க வேண்டிய கலைக்கோயில்!" பெருமையாக எங்கள் சாரிடம் காட்டினேன். அவர் முக்கால்வாசியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

"லேப் ரெக்கார்டில் 'அருமையான ஷாஃப்ட்' என்று எழுதுவாயா? விட்டம் இத்தனை மி.மீ. என்றுதானே எழுதுவாய்?" என்றார். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. யோசித்துப் பார்த்தால், அவர் சொன்னதுதான் சரி.

புகழ்ச்சி வேறு, செய்தி வேறு

தமிழில் முதல் பெரிய கலைக்களஞ்சியத்தைத் தமிழ் வளர்ச்சிக் கழகம், பெ. தூரன் அவர்களை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. அறிஞர்கள் எழுதினார்கள், ஆசிரியர் குழு சரிபார்த்தது. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் நானும் எழுதலாம், நீங்களும் எழுதலாம். அதனால்தான் அங்கே 'நடுநிலை நோக்கு' என்பது அடிப்படை விதி.

அந்த விதி நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது? "பழம்பெருமை வாய்ந்த" என்பதை எடுத்துவிட்டு, "1851-ல் தொடங்கப்பட்டது, முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர்" என்று எழுதுகிறோம். கூடவே, "கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகம் தொடங்கியது 1814" என்றால் போதும். எது எவ்வளவு பழையது என்று படிப்பவனே கணக்குப் போட்டுக்கொள்வான். ஆண்டைச் சொன்னாலே பெருமை தானாக வந்துவிடுகிறது.

இன்னொன்று. "ஐரோப்பாவுக்கு வெளியே ரோமானியப் பழம்பொருள்கள் அதிகம் உள்ள இடம் இதுதான்" என்று இந்த மியூசியத்தைப் பற்றிப் பல இடங்களில் எழுதியிருக்கிறது. எண்ணிப் பார்த்தவர் யார்? நம்பகமான ஒருவர் சொல்லியிருந்தால் "இன்னார் கூறுகிறார்" என்று எழுதலாம். கட்டுரை தன் வாயால் சொல்லக்கூடாது.

மியூசியமே எழுதினால்?

மியூசியத்தைப் பற்றி அங்கே வேலை செய்பவர்களை விட யாருக்கு நன்றாகத் தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தன் பிள்ளைக்குத் தானே மார்க் போட்டால் ஊர் ஒத்துக்கொள்ளுமா?

இதற்கும் வழி உண்டு. 2010-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் ஒரு விக்கிப்பீடியரைத் தன்னிடம் தங்கவைத்து, நிபுணர்களையும் கட்டுரை எழுதுபவர்களையும் சந்திக்க வைத்தது. மியூசியம் தகவலும் படங்களும் தரலாம். திருத்தம் வேண்டுமானால் உரையாடல் பக்கத்தில் கேட்கலாம். சம்பளம் வாங்கி எழுதுபவர் அதை வெளிப்படையாகச் சொல்லியே தீர வேண்டும் என்பது 2014 முதல் விதி.

மறைப்பதும் விளம்பரமே

எனக்கு உறைத்த விஷயம் இதுதான். எழும்பூரில் அமராவதிச் சிற்பங்களைப் பார்த்து வாய் பிளந்தோம். 1845-ல் வால்டர் எலியட் தோண்டி எடுத்து, பிறகு சென்னைக்கு வந்தவற்றில் பல 1859-ல் லண்டனுக்குக் கப்பல் ஏறின. இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. இதைச் சொல்லாத கட்டுரை பாதிக் கட்டுரைதான்.

1885 முதல் இதே மியூசியத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். 1909-ல் தென்னிந்தியச் சாதிகள் பற்றி ஏழு தொகுதி நூல் வெளியிட்டார். அதில் கடற்கரை மீனவர்களான பட்டணவரும் உண்டு. நாம் ஒர்க்‌ஷாப்பில் பிடிக்கும் காலிப்பர் போன்ற கருவியால் மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து சாதிவாரியாகக் குறித்தார். அந்த அளவுகளை வைத்து மனிதரைத் தரம் பிரிக்கும் முறையை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை.

"உலகப்புகழ்" என்று மட்டும் எழுதினால் இந்தச் செய்திக்கு இடமே இருக்காது. அதற்காகத் திட்டியும் எழுத வேண்டாம். மியூசியம் காத்துவைத்ததையும் எழுது, அங்கே நடந்ததையும் எழுது, இரண்டுக்கும் சான்று கொடு. அவ்வளவுதான்.

நண்பர்களே, வீடு நிறையப் புத்தகம் இருப்பவன் ஒன்று தப்பென்றால் இன்னொன்றைப் புரட்டிப் பார்ப்பான். நம்மில் பலர் வீட்டில் முதல் புத்தகமே நம் பாடப்புத்தகம்தான். நாம் படித்துச் சொல்வதை அப்படியே நம்ப ஒரு அப்பாவோ அம்மாவோ காத்திருக்கிறார்கள். "இதெல்லாம் நெசந்தானாடா?" என்று அவர்கள் கேட்டால், தயங்காமல் "ஆமாம்ப்பா" என்று சொல்லும்படி எழுதுவோம்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை