உடல் கூறும் சாட்சியம்: ஐக்கிய அமெரிக்காவில் கஞ்சாவும் தொழிலிடச் சோதனையும்

ஐக்கிய அமெரிக்காவில் வேலை தேடிச் செல்லும் ஒருவர், நேர்முகத் தேர்வில் வெற்றி பெற்ற பின்னரும் பல நிறுவனங்களில் உடனே பணியில் அமர்ந்துவிட இயலாது. அவர் குறிப்பிட்டதோர் இடத்திற்குச் சென்று, சிறு கிண்ணத்தில் தம் சிறுநீரை அளித்துவிட்டு வர வேண்டும். மத்திய அரசின் விதிகளின்படி நடைபெறும் சோதனையாயின், அங்குள்ள கழிவறைத் தொட்டி நீரில் நீலச் சாயம் கலக்கப்பட்டிருக்கும், குழாய்கள் அடைக்கப்பட்டிருக்கும், கொடுத்த சிறுநீரின் வெப்பம் நான்கு நிமிடங்களுக்குள் அளக்கப்படும். வேறொருவருடைய நீரைக் கொண்டுவந்தோ தண்ணீரைக் கலந்தோ எவரும் ஏமாற்றிவிடாதபடிக்குச் செய்யப்பட்ட ஏற்பாடுகள் இவை. குற்றம் ஏதும் சாட்டப்படாத ஒருவர்மீது இத்துணை ஐயம் கொள்வதற்குரிய காரணம் யாது என்று நாம் வினவலாம். போதைப்பொருள் உட்கொண்டவர் பணியிடத்தில் பிறருக்கு இடர் விளைவிக்கக் கூடாது என்பதே அவர்கள் தரும் விடை.

இந்நடைமுறை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக நிலைபெற்றுள்ளது. ஆனால் இக்காலத்திற்குள்ளாகவே, இச்சோதனையில் மிகுதியாக அகப்படும் பொருளாகிய கஞ்சாவைக் குறித்து அந்நாட்டு மக்களின் மனம் மாறிவிட்டது. 1969-இல் காலப் நிறுவனத்தார் கேட்டபோது, கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாம் என்றவர்கள் நூற்றுக்குப் பன்னிருவரே. 2013-இல் இத்தொகை 58 ஆயிற்று. 2023-இல் 70 ஆயிற்று. மக்களின் தீர்ப்பு மாறிய பின்னும் சோதனைக் கிண்ணம் பெரும்பாலான இடங்களில் மாறாதிருக்கிறது. இவ்விரண்டின் மோதலில் எழும் அறநெறிச் சிக்கலே இங்கு நம் ஆய்வுக்குரியது. கஞ்சா நல்லதா தீயதா என்னும் பழைய வழக்கை நாம் இங்கு எடுக்கவில்லை. அவ்வழக்கில் ஐயமின்றித் தீர்ப்பளிப்போர் பலர் நம்மிடையே உள்ளனர். சோதனையைப் பற்றிச் சிந்திப்போரே அரியர்.

முதலில் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1970-ஆம் ஆண்டுச் சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு முதலாம் அட்டவணையில் சேர்த்தது. மருத்துவப் பயன் எதுவுமில்லாதது, தீய பழக்கத்திற்கு மிகவும் இடந்தருவது என்பது அவ்வட்டவணையின் பொருள். 1972-இல் அரசு நியமித்த ஆணைக்குழு, சொந்தப் பயன்பாட்டிற்காகச் சிறிதளவு வைத்திருப்பதைக் குற்றமாகக் கருத வேண்டியதில்லை என்று பரிந்துரைத்தது. நிக்சன் அதை ஏற்கவில்லை. எனினும் அக்காலத்தில் தொழிலாளரின் சிறுநீரைச் சோதிக்கும் வழக்கம் பரவலாக இல்லை. 1981 மே மாதத்தில் நிமிட்ஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் விமானம் ஒன்று மோதிப் பதினால்வர் மாண்டனர்; மாண்ட தளப் பணியாளருள் சிலருடைய உடலில் கஞ்சாவின் தடயம் காணப்பட்டது. அதன்பின் படையினரிடையே சோதனை தீவிரமாயிற்று. 1986 செப்டம்பரில், மத்திய அரசின் ஊழியர் பணிநேரத்திலும் பணியில்லா நேரத்திலும் போதைப்பொருளைத் தவிர்க்க வேண்டும் என்று ரீகன் ஆணை பிறப்பித்தார். “பணியில்லா நேரத்திலும்” என்னும் பகுதியை வாசகர் நினைவில் கொள்க. பின்னர் எழுந்த சிக்கல்களில் பெரும்பாலானவை அதிலேயே கருக்கொண்டிருந்தன.

அடுத்த ஆண்டு நிகழ்ந்த விபத்தை நாம் எளிதாகக் கடந்து செல்லலாகாது. 1987 சனவரி 4-ஆம் நாள், மேரிலாந்து மாநிலத்தின் சேஸ் என்னும் ஊரில், ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட மூன்று சரக்கு என்ஜின்கள் நிறுத்தக் குறியைத் தாண்டி முதன்மைத் தண்டவாளத்தில் புகுந்தன. வாஷிங்டனிலிருந்து பாஸ்டன் நோக்கிப் பெருவேகத்தில் வந்த பயணியர் இரயில் அவற்றின்மீது மோதியது. பதினாறு பேர் மாண்டனர். என்ஜினை ஓட்டியவரும் அவருடைய துணையாளரும் கஞ்சா புகைத்திருந்தனர் என்பது பின்னர் வெளிப்பட்டது. மாண்டவர்களின் இரத்தம் பேசுகிறது. அதைக் கேளாமல் தொழிலாளரின் உரிமையை மட்டும் பேசும் இறையியல் குறைபாடுடையது. ஆயினும் அவ்விசாரணையில் மற்றொன்றும் தெரியவந்தது. ஓட்டுநரை எச்சரிக்க வேண்டிய ஊதல், ஓசை எழும்பாதபடி ஒட்டுநாடாவால் மூடப்பட்டிருந்தது. குறியை மீறும் இரயிலைத் தானே நிறுத்தும் கருவியும் அவ்வென்ஜின்களில் இல்லை. மனிதனைச் சோதிப்பதும் கருவியைச் சோதிப்பதும் சேர்ந்து நடைபெற்றிருக்க வேண்டும் என்பதே அதன் பாடம். பொதுமக்களின் நினைவில் முன்னதே பெரிதாக நின்றது. 1991-இல் இரயில், விமானம், சரக்கு ஊர்தி, பேருந்து முதலியவற்றை இயக்குவோர் அனைவரையும் சோதிக்கும் சட்டம் நிறைவேறியது.

இதற்கிடையில் வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 1989 மார்ச் 21 அன்று இரு தீர்ப்புகள் வெளிவந்தன. இரண்டிலும், சிறுநீரைக் கேட்டு வாங்குவது ஒருவரைச் சோதனையிடுவதே என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டனர். எனினும் பொதுநலத்தின் தனித்தேவை கருதி, குறிப்பிட்ட ஐயம் இல்லாமலே அதைச் செய்யலாம் என்றனர். இரயில் ஊழியர் வழக்கில் எழுவர் ஒரு பக்கம், இருவர் மறு பக்கம். சுங்கத் துறை ஊழியர் வழக்கிலோ ஐவரும் நால்வருமாகப் பிரிந்தனர். இரயில் வழக்கில் சோதனையை ஆதரித்த நீதிபதி ஸ்கலியா, சுங்க வழக்கில் மாறி நின்றார். இரயில்வேயில் விபத்துகளுக்குச் சான்று இருந்தது. சுங்கத் துறையிலோ அத்தகைய தீங்கு நேர்ந்ததற்குச் சான்றில்லை. அடையாளத்திற்காக ஊழியரின் மானத்தைப் பலியிடலாகாது என்பது அவருடைய வாதம். பழமைப் போக்குடையவராக அறியப்பட்ட ஒருவரிடமிருந்து இக்குரல் வந்தது நோக்கற்பாலது.

இனி, கட்டுரையின் மையப் பொருளுக்கு வருவோம். அக்கிண்ணத்தில் சோதிக்கப்படுவது எது? கஞ்சாவில் மயக்கந்தரும் பொருள் உடலினுள் சென்றபின் கல்லீரலில் சிதைந்து, மயக்கந்தராத வேறொரு பொருளாக மாறுகிறது. சிறுநீரில் தேடப்படுவது இச்சிதைபொருளே. முதற்சோதனையில் ஒரு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராமும், அதை உறுதிசெய்யும் இரண்டாம் சோதனையில் 15 நானோகிராமும் எல்லையாக அரசு விதிகளில் கொள்ளப்படுகின்றன. கஞ்சாவின் சத்து கொழுப்பில் கரைந்து தங்கும் இயல்புடையது. ஆதலால் அது சிறிது சிறிதாகவே உடலை விட்டு நீங்குகிறது. என்றோ ஒருமுறை புகைத்தவரிடம் சில நாட்களும், நாள்தோறும் புகைப்பவரிடம் சில வேளைகளில் ஒரு திங்களுக்கு மேலும் அதன் தடயம் காணப்படும். மயக்கமோ சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். அன்றியும், மதுவுக்கு இருப்பதுபோல், இன்ன அளவு இருந்தால் இவர் தன்னிலை இழந்தவர் என்று அனைவரும் ஒப்பும் அளவு கஞ்சாவுக்கு வகுக்கப்படவில்லை.

இதன் விளைவு விந்தையானது. சனிக்கிழமை இரவு அளவின்றி மது அருந்திய ஓட்டுநர் திங்கட்கிழமை காலை மூச்சுச் சோதனையில் குற்றமற்றவராக நிற்பார். கோகேய்ன் உட்கொண்டவரும் இரண்டு, மூன்று நாட்கள் கழிந்தால் பெரும்பாலும் தப்பிவிடுவார். கஞ்சா புகைத்தவரே வாரங்கள் கழிந்தும் அகப்படுவார். மேலும், வலிநீக்கும் அபினி மருந்துகள் சிறுநீரில் காணப்பட்டால், மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டி அவர் விளக்கம் தரலாம். அரசு விதிகளின்படி நடக்கும் சோதனையில் கஞ்சாவுக்கு அவ்விளக்கம் செல்லாது. ஆக, சோதனை பொய் சொல்வதில்லை; அது உண்மையான சாட்சியே. கேட்கப்பட்ட வினா, “இவர் இப்போது பணி செய்யத்தக்க தெளிவுடன் இருக்கிறாரா?” என்பது. சாட்சி தரும் விடை, “இவர் அண்மையில் எப்போதோ கஞ்சா உட்கொண்டார்” என்பது. அவ்விடையை வைத்து முதல் வினாவிற்குத் தீர்ப்பெழுதுகிறார்கள்.

எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரத்தை இங்கு நம் மாணவர்கள் நினைவுகூரலாம். சாட்சியில்லாத குற்றத்தைக் கண்டறிய, ஐயத்திற்குள்ளான பெண்ணுக்குக் கசப்பான நீர் கொடுக்கப்படுகிறது; அவளுடைய உடலே அவளுக்கு எதிராகவோ சார்பாகவோ பேச வேண்டும். உரையாசிரியர் பலரை இடறச் செய்த பகுதி அது. கணவனின் ஐயம் சோதனைக்குப் போதுமானதாயிருக்க, மனைவியின் சொல்லுக்கு அங்கு இடமில்லாதிருப்பதே நம் உள்ளத்தை உறுத்துவது. வலிமை குறைந்தவரின் வாய்ச்சொல்லை விட்டுவிட்டு அவருடைய உடலைக் கேட்பது பழங்கால வழக்கம் மட்டுமன்று. அமெரிக்காவிலும் ஊர்தி ஓட்டுவோரும் பண்டகசாலைகளில் பாரம் தூக்குவோரும் கிண்ணத்தை ஏந்திய அளவுக்கு நிறுவன இயக்குநர்கள் ஏந்தியதில்லை.

மக்கள் மனம் மாறியதற்குக் காரணங்கள் பல. 1990-களில் சான் பிரான்சிஸ்கோவில் எய்ட்ஸ் நோயாளிகளும் புற்றுநோயாளிகளும் வாந்தியையும் வலியையும் தணிக்கக் கஞ்சாவை நாடினர். 1996-இல் கலிபோர்னிய வாக்காளர்கள் மருத்துவப் பயன்பாட்டிற்கு இசைவளித்தனர். பிரஸ்பிட்டேரியன் திருச்சபையின் பொதுப்பேரவையும் 2006-இல் இதை ஆதரித்துத் தீர்மானம் இயற்றியது. கறுப்பரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே அளவில் கஞ்சாவைப் பயன்படுத்தியும், கறுப்பர் பன்மடங்கு மிகுதியாகக் கைதானது பலருடைய மனச்சான்றை உறுத்தியது. வரி வருவாயின் கவர்ச்சியையும் மறைப்பதற்கில்லை. 2012-இல் கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் வயதுவந்தோர் அனைவருக்கும் அதை அனுமதித்தன. 2023 முடிவதற்குள் இத்தகைய மாநிலங்கள் இருபத்து நான்காயின.

ஆனால் மாநிலம் அனுமதித்தது தொழிலிடத்தில் செல்லுபடியாகவில்லை. கொலராடோவில், சிறுவயதில் நேர்ந்த கார் விபத்தால் கைகால்கள் செயலிழந்த ஒருவர், தொலைபேசியில் வாடிக்கையாளருக்கு விடையளிக்கும் பணி செய்துவந்தார். தசைப்பிடிப்பின் வேதனையைத் தணிக்க, மாநிலம் வழங்கிய உரிமத்துடன், பணி முடிந்தபின் வீட்டில் கஞ்சா பயன்படுத்தினார். 2010-இல் சிறுநீர்ச் சோதனையின் பேரில் பணி நீக்கப்பட்டார். பணியிடத்தில் அவர் மயக்கத்தில் இருந்ததாக எவரும் கூறவில்லை. பணியில்லா நேரத்தில் செய்யும் சட்டபூர்வமான செயலுக்காக எவரையும் நீக்கலாகாது என்று அம்மாநிலச் சட்டமே கூறுகிறது. எனினும் 2015-இல் மாநில உச்சநீதிமன்றம், மத்திய சட்டம் தடுப்பதைச் சட்டபூர்வமானது எனல் இயலாது என்று கூறி அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

இவ்விடத்தில், வழிபாட்டைத் தொட்ட மற்றொரு வழக்கையும் நாம் ஒதுக்கிவிட முடியாது. அங்குச் சிக்கலுக்குரியது கஞ்சாவன்று, பெயோட்டி என்னும் கள்ளி. அமெரிக்கத் தொல்குடியினரின் திருச்சபை தன் வழிபாட்டில் அதை உட்கொள்கிறது. அவ்வாறு உட்கொண்டதற்காக ஒரிகன் மாநிலத்தில் இருவர் பணியிழந்தனர். அவர்கள் போதைக்கு அடிமையானோருக்கு ஆலோசனை கூறும் பணியினர் என்பது இன்னும் கூர்மையானது. தவறான நடத்தையால் வேலையிழந்தவர்கள் என்று கூறி, வேலையிழந்தோர்க்குரிய உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. 1990-இல் உச்சநீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் நின்றது. தீர்ப்பை எழுதியவர், சுங்க ஊழியரின் மானத்திற்காக வாதாடிய அதே ஸ்கலியா. பாப்திஸ்துகள் முதல் யூதர் வரை பல சமயத்தார் ஒன்றுகூடி எதிர்த்ததன் பயனாக 1993-இல் சமயச் சுதந்தரத்தை மீட்கும் சட்டம் நிறைவேறியது. பெயோட்டி வழிபாட்டிற்கு 1994-இல் தனிப் பாதுகாப்புக் கிடைத்தது. நற்கருணைக் கிண்ணத்திலுள்ள திராட்சரசத்தை எந்த முதலாளியும் சோதித்ததில்லை என்பதைப் பெரிய சபையினர் சற்றே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

அண்மைக் காலத்தில் சட்டங்கள் இளகத் தொடங்கியுள்ளன. நெவாடாவில் 2020 முதல், கஞ்சாச் சோதனையின் பேரில் வேலை மறுப்பது பெரும்பாலான பணிகளில் தடுக்கப்பட்டுள்ளது. 2021-இல் அமேசான் நிறுவனம், மத்திய போக்குவரத்துத் துறையின் விதிகளுக்கு உட்படாத பணிகளுக்கு இச்சோதனையைக் கைவிடுவதாக அறிவித்தது. அறநெறி உணர்வைக் காட்டிலும் ஆள் கிடைக்காத நிலையே இதில் வலுவாயிருந்திருக்கும் என்பது நம் கருத்து. 2024 சனவரி முதல் கலிபோர்னியாவில், மயக்கந்தராத சிதைபொருளை மட்டும் காட்டும் சோதனையை வைத்து ஒருவரை ஒதுக்கலாகாது. பணியில் மயக்கத்துடன் இருப்பதை அச்சட்டம் அனுமதிக்கவில்லை. கட்டடத் தொழிலாளருக்கோ அதன் பாதுகாப்புக் கிடையாது. சாரத்தின்மேல் நிற்பவர் தவறினால் கீழே நிற்பவரும் சாவார் என்னும் வாதத்தின் வலிமையை நாம் உணர்கிறோம். ஆனால் வேறிடத்தில் தகுதியற்றதென்று தள்ளப்பட்ட சாட்சி, சாரத்தின்மேல் மட்டும் தகுதி பெறுவது எங்ஙனம்? இடர் மிகுந்த இடத்திற்கு வேண்டுவது, இப்போதைய தெளிவை அளக்கும் செம்மையான சோதனை.

ஊர்தி ஓட்டுநரின் நிலையே நம் ஆயர்கள் கருத வேண்டியது. மத்திய அரசு அவர்களுக்கென 2020 சனவரி முதல் ஒரு பதிவேட்டை நடத்துகிறது. சோதனையில் தவறியவரின் பெயர் அதில் ஏறும். எந்த நிறுவனமும் அதைப் பார்க்காமல் ஓட்டுநரை அமர்த்தலாகாது. மிகுதியாகப் பதிவாகும் பொருள் கஞ்சாவே. அதிலிருந்து மீளும் வழி அடைக்கப்படவில்லை: தகுதி பெற்ற ஆலோசகரிடம் சென்று, அவர் விதிக்கும் பயிற்சியையோ சிகிச்சையையோ முடித்து, மீண்டும் சோதனைக்குட்பட்டு, பணிக்குத் திரும்பியபின் முதல் ஆண்டில் குறைந்தது ஆறு முறை முன்னறிவிப்பின்றிச் சோதிக்கப்பட வேண்டும். சபை ஒழுங்கின்படி விலக்கப்பட்டவரை மீண்டும் சேர்த்துக்கொள்ளும் முறையை அறிந்த நமக்கு இவ்வமைப்புப் புதிதன்று. தண்டனையோடு திரும்பும் வாயிலையும் வகுத்திருப்பது இதன் நற்கூறு. ஆனால் அவ்வாயிலுக்குரிய செலவை முதலாளி ஏற்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. பணியிழந்தவரே பெரும்பாலும் அதைத் தாங்க வேண்டியிருக்கிறது. 2023 முடிவில், ஓட்டத் தடை பெற்று அப்பதிவேட்டில் நின்றோர் ஒரு லட்சத்திற்கு மேற்பட்டவர். அவர்களுள் பெரும்பாலோர் திரும்பும் வழியில் முதல் அடியையும் எடுத்துவைக்கவில்லை. அவ்வழியை முடித்தவருடைய பதிவு ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் இருக்கும். முடிக்காதவருடைய பதிவு அதற்கு அப்பாலும் அங்கேயே நிற்கும்.