ஹிப்-ஹாப் பண்பாடும் நகர்ப்புற ஏழை இளைஞரும்

ஹிப்-ஹாப் என்றவுடன் பேரிரைச்சலும் தகாத சொற்களுமே பலர் நினைவுக்கு வருகின்றன. வன்முறையைப் போற்றும் பாடல்களும் பெண்களை இழிவுபடுத்தும் பாடல்களும் அதன் பெயரால் விற்கப்படுவது உண்மையே. எனினும், ஒரு பண்பாட்டை அதன் சந்தைச் சரக்கைக்கொண்டு மட்டும் அளவிடுதல் முறையாகாது. அது யாரிடையே, எத்தகைய சூழலில் தோன்றியது என்பதை ஆராய்தல் இறைப்பணியாளருக்கு இன்றியமையாதது.

1. தோன்றிய சூழல்

நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியை ஊடறுத்துச் செல்லும் விரைவுச் சாலையின் பணி 1948இல் தொடங்கியது. அதற்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. தொழிற்சாலைகள் மூடப்பட்டன, வசதி படைத்த வெள்ளையர் புறநகர்களுக்குச் சென்றனர். தென் பிராங்ஸில் எஞ்சியோருள் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பரும் போர்ட்டோ ரிக்கோ மக்களுமே. 1970களில் அங்குக் குடியிருப்புகள் தொடர்ந்து தீக்கிரையாயின. காப்பீட்டுத் தொகைக்காகத் தம் கட்டடங்களுக்குத் தீ வைப்பித்த உரிமையாளரும் உண்டு. நகராட்சியோ தீயணைப்புப் பிரிவுகள் சிலவற்றை மூடியது. கைவிடப்பட்ட இளைஞர் தெருக் கும்பல்களில் பாதுகாப்புத் தேடினர்.

1971 டிசம்பரில், ‘கெட்டோ பிரதர்ஸ்’ கும்பலின் சமாதானத் தூதராகச் சென்ற இளைஞர் கொல்லப்பட்டார். பழிக்குப் பழி வாங்குவர் என்று எல்லாரும் அஞ்சினர். ஆனால் அக்கும்பலின் தலைவர்கள் பழிவாங்க மறுத்து, ஹோ அவென்யூ சிறுவர் மன்றத்தில் பகைக் கும்பல்களை ஒன்றுகூட்டி உடன்படிக்கை செய்தனர். வன்முறை முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. எனினும் ஒரு தெருவினர் மறு தெருவுக்கு அஞ்சாது செல்ல வழி பிறந்தது. ஹிப்-ஹாப் வளர்ந்த நிலம் இதுவே.

2. கலையின் பிறப்பு

1973 ஆகஸ்டு 11ஆம் நாள், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தில் சிண்டி கேம்ப்பெல் என்னும் பெண், பள்ளி உடைகளுக்குப் பணம் சேர்க்கக் கட்டணத்துடன் ஓர் இசை விருந்து நடத்தினார். இசைத்தட்டுகளை இயக்கியவர் ஜமைக்காவிலிருந்து வந்த அவருடைய அண்ணன் கிளைவ். ‘கூல் ஹெர்க்’ எனப் புகழ்பெற்றவர். பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியில் இளைஞர் மிகுந்த ஊக்கத்துடன் ஆடுவதை அவர் கவனித்திருந்தார். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரு சுழல்மேடைகளில் மாறிமாறி இயக்கி, அப்பகுதியை நீட்டும் முறையைக் கையாண்டார்.

இத்தட்டிசையோடு தாளத்திற்கேற்ற சொல்லாடலாகிய ராப், பிரேக்கிங் நடனம், சுவரோவியம் ஆகியனவும் சேர்ந்து நான்கு கூறுகளாயின. நடனக் குழுக்களும் சொல்வல்லாரும் வட்டத்தின் நடுவே போட்டியிட்டனர். பகைமை திறமைப் போட்டியாக உருமாறிற்று. வெற்றியைத் தீர்மானித்தது கூடியிருந்தோரின் ஆரவாரம்.

3. இளைஞர் பெற்ற நன்மை

இப்பண்பாடு முதலாவது, இளைஞரைப் படைப்பாளராக்கியது. வெளியிலிருந்து வந்த உதவித் திட்டங்களில் அவர்கள் பெறுவோராயிருந்தனர்; இங்கோ தாமே ஆக்குவோராயினர். இரண்டாவது, ஒருவரும் பொருட்படுத்தாத இளைஞருக்கு அது பெயரும் மதிப்பும் தந்தது. மூன்றாவது, துன்பத்தை மொழியாக்கக் கற்பித்தது. கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் குழுவினரின் பெயரால் 1982இல் வெளிவந்த ‘தி மெசேஜ்’ என்னும் பாடல் சேரி வாழ்வின் நெருக்கடியை உலகறியச் செய்தது. 2002இல் சமூகப் பணி அறிஞர் எட்கர் டைசன், இடருக்குள்ளான இளைஞரிடையே ராப் இசையை ஆற்றுப்படுத்தும் கருவியாகப் பயன்படுத்திய ஆய்வொன்றை வெளியிட்டார்.

4. திருச்சபையின் இரு மறுமொழிகள்

1993இல் ஹார்லெமின் அபிசீனியன் பாப்திஸ்து சபைப் போதகர் கால்வின் பட்ஸ், பெண்களை இழிவுபடுத்தும் ராப் பதிவுகளைச் சாலை உருளையால் நசுக்க முற்பட்டார். எதிர்ப்பாளர் வழிமறித்தனர். அவருடைய அறச்சீற்றம் நியாயமானதே. ஆனால் உருளைக்கு உரையாடத் தெரியாது. 2004இல் பிராங்ஸின் மொரிசேனியாவிலுள்ள எப்பிஸ்கோப்பல் திரித்துவ ஆலயத்தில் குருவானவர் டிமத்தி ஹோல்டர் ஹிப்-ஹாப் நற்கருணை ஆராதனையைத் தொடங்கினார். இளைஞரின் மொழியே அங்கு வழிபாட்டு மொழியாயிற்று. புளூஸ் பாடல்களில் இறையியல் பொருளைக் கண்டு ஜேம்ஸ் கோன் 1972இல் எழுதிய நூல் இதற்கு முன்னோடியான சிந்தனை எனலாம்.

5. எச்சரிக்கையும் அழைப்பும்

கும்பல் இளைஞரைக் கலையின்பால் திருப்பியவர் என்று போற்றப்பட்ட ஆப்பிரிக்கா பம்பாட்டா, சிறுவயதில் தம்மைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தினார் என 2016இல் ஆடவர் பலர் குற்றஞ்சாட்டினர். அவர் அதை மறுத்தார். இளைஞரை ஈர்க்கும் ஆற்றல் அவர்களைக் காக்கும் பொறுப்பினின்று பிரிக்கப்படலாகாது என்பதை இது உணர்த்துகிறது. இவ்வெச்சரிக்கை ஹிப்-ஹாப்பிற்கு மட்டுமன்று, இளைஞர் பணி செய்யும் சபைகளுக்கும் உரியது.

நாசரேத்தைக் குறித்து நாத்தான்வேல் எழுப்பிய ஐயம் (யோவான் 1:46) நமக்கும் எழக்கூடும். அவருக்குக் கிடைத்த விடை வாதமன்று, வந்து காணுமாறு ஓர் அழைப்பே. எரிந்த கட்டடங்களிடையே இளைஞர் தாமே கட்டியெழுப்பியதைக் கண்டபின்பு கண்டிக்கவேண்டியதைக் கண்டிப்போம். காணுமுன் தீர்ப்பிடுதல் மேய்ப்பருக்கு அழகன்று.