ஈ.சி.ஜி. நார்மல்... ஆனாலும் விடாத 'ஹார்ட் அட்டாக்' பயம்!

சென்னை,

நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்கு ஓடி, "ஒண்ணும் இல்ல, ஹார்ட் நல்லா இருக்கு" என்று டாக்டர் சொல்லி அனுப்பிய பிறகும் நிம்மதியாக தூங்க முடியாமல் தவிப்பவர்கள் ஏராளம்.

கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் 41 வயது தொழிலாளி ஒருவரின் கதையும் இதுதான். நள்ளிரவில் வெங்காய லோடு இறக்கும்போது நெஞ்சை பிடித்தது. ஈ.சி.ஜி., ரத்த பரிசோதனை, எக்கோ எல்லாம் எடுத்தார்கள். தசைப்பிடிப்புதான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

வினை அப்புறம்தான் ஆரம்பித்தது. 10 நாள் கழித்து டவுன் பஸ்சில் போகும்போது திடீர் படபடப்பு. உடம்பெல்லாம் வியர்வை, கை மரத்துப்போனது. செத்துவிடுவோம் என்று பயந்து பாதி வழியிலேயே இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மறுபடியும் நார்மல்! அதில் இருந்து பஸ்சில் ஏறுவதே இல்லை. வேலைக்கும் சரியாக போகவில்லை. சீட்டு எடுத்த பணம் ஸ்கேனுக்கே கரைந்தது.

"ராத்திரி 2 மணிக்கு எழுப்பி, நாடி ஓடுதா பாருன்றாரு. நாங்களும் எத்தன நாள்தான் முழிச்சிருக்கறது?" என்கிறார் அவரது மனைவி.

இது நடிப்பு அல்ல. 'பேனிக் அட்டாக்' என்பார்கள் டாக்டர்கள். ஆபத்து என்று மூளை நினைத்துவிட்டால் அட்ரினலின் சுரக்கும். இதயம் வேகமாக அடிக்கும். மூச்சு மேல்மூச்சு வாங்கும். அப்படி வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன்-டை-ஆக்சைடு குறையும். தலைசுற்றல், விரல்களில் குறுகுறுப்பு எல்லாம் அதனால்தான். அதைப் பார்த்து இன்னும் பயம். பயத்தால் இன்னும் படபடப்பு. பெரும்பாலும் 10 நிமிடத்தில் உச்சத்துக்கு போய், அரை மணி நேரத்துக்குள் தானாக அடங்கிவிடும்.

அந்த நேரத்தில் என்ன செய்வது? உட்கார்ந்துகொண்டு மூக்கு வழியாக மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட அதிக நேரம் எடுத்து வெளியே விட வேண்டும். சினிமாவில் வருவதுபோல பேப்பர் பையில் மூச்சு விடுவது வேண்டாம். நிஜமாகவே இதய கோளாறு இருந்தால் அது ஆபத்து.

அடிக்கடி நாடி பிடித்து பார்ப்பது, செல்போனில் நோயை தேடுவது இரண்டும் பயத்துக்கு தீனி. செல்போனில் தேடினால் சாதா தலைவலிகூட கட்டியாகத்தான் தெரியும்! புதுசு புதுசாக டெஸ்ட் எடுத்தாலும் நிம்மதி 2 நாளைக்குத்தான். தைராய்டு, ரத்தசோகையாலும் படபடப்பு வரும் என்பதால் அதை ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். டீ, காபி, பீடி, சிகரெட்டை குறைக்க வேண்டும். பயம் போக சரக்கு அடித்தால், இறங்கும்போது படபடப்பு கூடும்.

பஸ்சுக்கு பயந்து ஒதுங்கினால் பயம் வளரும். முதல் நாள் ஒரு ஸ்டாப், அடுத்து 2 ஸ்டாப் என்று பழக வேண்டும். மனநல டாக்டர்கள் தரும் பேச்சு சிகிச்சையும் இப்படித்தான் பயத்தை எதிர்கொள்ள பழக்குகிறது. மாத்திரையும் உண்டு, ஆனால் பலன் தெரிய சில வாரம் ஆகும். மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கி போடாதீர்கள். பழகிப்போனால் விடுவது கஷ்டம்.

அதற்காக எல்லா நெஞ்சு வலியையும் 'பயம்தான்' என்று விட்டுவிடக் கூடாது. நெஞ்சை அழுத்துவது போன்ற வலி, இடது கை அல்லது தாடைக்கு பரவுவது, நடந்தால் அதிகமாவது, குளிர்ந்த வியர்வை என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108க்கு போன் செய்ய வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம்.

மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாக பேசலாம். 2022-ம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்த சேவை 24 மணி நேரமும் உண்டு. அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள மனநல பிரிவிலும் இலவசமாக பார்க்கிறார்கள். பழைய ஈ.சி.ஜி., எக்கோ ரிப்போர்ட்டுகளை கையோடு எடுத்து போனால் டாக்டருக்கும் வேலை சுலபம், மறுபடி டெஸ்ட் செலவும் மிச்சம்.