பிரேசல் வேர்ப்: காலத்திற்கேற்ப மாறும் சொல் எது?

மாணவர்களே, “பிரேக்” என்றால் உடை. “டவுன்” என்றால் கீழே. ஆனால் “பிரேக் டவுன்” என்றால் பழுதடைதல். இவ்வாறு சேர்ந்து புதுப்பொருள் தரும் வினையே பிரேசல் வேர்ப். தமிழில் “விட்டுக்கொடு” என்பதும் இத்தகையதே.

ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். தமிழில் காலம் கடைசிச் சொல்லில் வரும்: விட்டுக்கொடுத்தான், விட்டுக்கொடுப்பான். ஆங்கிலத்தில் முதற்சொல்லே மாறும். இதை மறந்து “பிரேக் டவுன்ட்” என எழுதுவோர் க.பொ.த. சாதாரண தரத்தில் வீணாகப் புள்ளி இழக்கின்றனர்.

உதாரணங்கள்:

1. த பஸ் ஒஃபின் பிரேக்ஸ் டவுன். – பஸ் அடிக்கடி பழுதடைகிறது.
2. த பஸ் புரோக் டவுன் அற் நெளுக்குளம் யெஸ்ரடே. – பஸ் நேற்று நெளுக்குளத்தில் பழுதடைந்தது.
3. த பஸ் ஹாஸ் புரோக்கின் டவுன். – பஸ் பழுதடைந்துவிட்டது, இன்னும் திருத்தப்படவில்லை.

மூன்றிலும் “டவுன்” மாறவில்லை. “யெஸ்ரடே” போன்ற முடிந்த காலத்தைக் காட்டும் சொல் வந்தால் இரண்டாம் வடிவமே சரி. அங்கே “ஹாஸ்” எழுதக்கூடாது.

நினைவிற்கொள்க: “பிரேக் – புரோக் – புரோக்கின்” என முதற்சொல்லின் மூன்று வடிவங்களையும் பாடமாக்கினால், பிரேசல் வேர்ப்பின் காலமும் கைவந்துவிடும்.

பயிற்சி: “கெற் அப்” (எழும்பு), “கிவ் அப்” (கைவிடு) ஆகியவற்றைப் பயன்படுத்தி ஆங்கிலத்தில் எழுதுக.

(அ) நான் தினமும் 5 மணிக்கு எழும்புகிறேன்.
(ஆ) அவர் 2019 இல் புகைத்தலைக் கைவிட்டார்.
(இ) அவள் இப்போதுதான் எழும்பியிருக்கிறாள்.

வினை விடைகள்: (அ) கெற் அப் (ஆ) கேவ் அப் (இ) ஹாஸ் ஜஸ்ற் கொற் அப்