இணைய வானொலியும் கேட்போரும்

நம் நாட்டில் வானொலி கேட்பதற்கு முன்னர் உரிமக் கட்டணம் இருந்தது. விளம்பரத்தால் வாழும் வழியை இலங்கை வானொலி காட்டிற்று. 1967-இல் விவித பாரதியும் அவ்வழிச் சென்றது. இவ்விரு வழிகளும் இன்று இணைய வானொலியில் மீண்டும் தோன்றியுள்ளன.

சேலத்தையடுத்த எம்மூராகிய அயோத்தியாப்பட்டணத்தில் வானொலிப் பெட்டி வைத்துக் கேட்பார் ஒருவராயினும் ஆயிரவராயினும் நிலையத்துக்குச் செலவு ஒன்றே. இணையத்திலோ அவ்வாறன்று, ஒவ்வொருவர்க்கும் தனித்தனிக் கால்வாய் வெட்டுதல் வேண்டும். நொடிக்கு 128 கிலோபிட் வீதம் ஒருவர் ஒரு மணி நேரம் கேட்பின், ஏறத்தாழ 58 மெகாபைட் செலவாகும். ஆயிரவர் கேட்பின் ஆயிரமடங்கு. ஆதலின், ஐஸ்காஸ்ட் முதலிய ஒலிபரப்பு மென்பொருள்களில், ஒரே வேளையில் இத்துணைப் பேர்க்கே இடம் என வரம்பிடலாம். வரம்பு நிரம்பின், பின்வருவார்க்குக் கதவு அடைபடும். கடவுச்சொல் உடையார்க்கே திறக்கும் முறையும் உண்டு.

நிற்க. இச்செலவை ஈடுசெய்ய வருவது விளம்பரம். பழைய வானொலியில் அஃது யாவர்க்கும் பொது. இணையத்திலோ, இணைப்பின் முகவரி எண்ணைக்கொண்டு கேட்பவர் ஊரை ஒருவாறு அறிந்து, சேலத்தார்க்கு ஒன்றும் சிங்கப்பூரார்க்கு வேறொன்றும் செருகலாம். உள்ளூர்ச் சிறு வணிகர்க்கு இது நன்மையே. ஆயினும், நாம் வானொலியைக் கேட்க, வானொலியும் நம்மை நோக்குகின்றது என்பதை மறத்தலாகாது. மேலும், விளம்பரம் ஒலிக்கும் நேரத்திலும் கேட்பவரது கைப்பேசித் தரவே கரைகின்றது. அவர் இருமுறை விலை கொடுக்கின்றார்.

ஆதலின், கதவை அடைக்குமுன் நிலையத்தார் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பேச்சு நிகழ்ச்சிக்கு நொடிக்கு 32 கிலோபிட் போதும். ஒருவர்க்குச் சென்றது அப்போது நால்வர்க்குச் செல்லும். எளியவர் பணமும் எஞ்சும்.